உங்க பக்கம், என் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு கண்ணாடி போனது. நான்கடி நீளச் சட்டம், ஏதோ ஒரு கல்லூரியின் குழுப் படம். சின்னக் காரின் பின்சீட்டில் குறுக்கே சாய்த்து, ஒரு மூலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மகளின் பழைய போர்வையைச் சுற்றி எடுத்துப் போனேன். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் போர்வைக்குள்ளேயே கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. கடைக்குத் திரும்பி வந்து புதுக் கண்ணாடி வெட்டினேன். பிரேம் கடைக்காரனுக்குக் கண்ணாடி உடைவது பெரிய விஷயமில்லை. ஒரே மாதத்தில் மூன்றாவது என்பதுதான் எரிச்சல்.

சாயங்காலம் அப்பாவின் போன். எடுத்த எடுப்பில், "வேனை நீ எடுத்துக்கிறியா?" அந்த வேனின் ஸ்டெப்னியைக்கூட யாருக்கும் ஒருநாள் இரவல் தராதவர். "சும்மா இல்ல, விலைக்குத்தான். யோசிச்சுச் சொல்லு. ரொம்ப யோசிக்காத."

மனைவியிடம் சொன்னேன். "ஏழு சீட்டு. பின்னாடி மடக்கிட்டா உன் கடையே உள்ள போகும். வாங்கிடு," என்றாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள். எதைச் சொன்னாலும் உடனே கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்துப் பழக்கம்.

ஏன் விற்கிறார்? அதை நான் கேட்கவே இல்லை.

மார்ச் 6

இன்னும் முடிவு செய்யவில்லை. பதினான்கு வருட வண்டி. வாங்கினால் அது என் வண்டியாகுமா, இல்லை, காலத்துக்கும் அப்பாவின் வண்டியை நான் ஓட்டிக்கொண்டிருப்பேனா?

மார்ச் 9, ஞாயிறு

அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல அப்படி ஒரு துடைப்பு. அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"உங்கப்பாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லடா. போன மாசம் எதிர்வீட்டு கேட் தூண்ல கொண்டுபோய் இடிச்சுட்டாரு. நம்ம வீடு இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கம் திரும்புறாரு. வண்டிய நீ வாங்கிக்கோ. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

தலையை ஆட்டினேன்.

அப்பா முப்பது வருடம் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். கிரேன் தண்டவாளத்தில் போகும், வரும். வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மா தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவள். இந்த ஊரில் அவள் கைபடாத தெருப் பெயர் கிடையாது. அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஓட்டுவது அவர், வழி சொல்வது அவள். இடது, வலது என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. "உங்க பக்கம்" என்றால் அப்பா உட்கார்ந்திருக்கும் பக்கம். "என் பக்கம்" என்றால் அவள் பக்கம். பின்சீட்டில் வளர்ந்த எனக்குத்தான் பள்ளிக்கூடத்தில் இடதும் வலதும் புரியாமல் தலையில் குட்டு விழுந்தது.

'உங்க' என்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. எங்கள் குடும்பத்தில் அந்த மரியாதை அப்பா ஒருவருக்குத்தான். என் மனைவி என்னை 'நீ' என்கிறாள், மகளும் 'நீ' என்கிறாள். அம்மாவுக்கு நான் எப்போதும் 'டா'.

மார்ச் 15

வேனை மெக்கானிக்கிடம் காட்டினேன். எல்லோரும் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பானட்டைத் திறக்கும் முன்பு ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்பார். "இன்ஜின் ராசா மாதிரி இருக்கு," என்றார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"யாரு ஓட்டுறா?"

"அப்பா. கண்ணு கொஞ்சம் மங்கல்."

"கண்ணு மங்கலா இருந்தா ரெண்டு பக்கமும்தான அடி வாங்கணும்? இது அத்தனையும் ஒரே பக்கம்."

குனிந்து பார்த்தேன். ஆறேழு கீறல், ஒரு நசுங்கல். எல்லாம் அம்மா உட்காரும் பக்கம்.

மார்ச் 18

புதுக் கண்ணாடி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கடைசி வரிவரை படித்தார். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தார். பரிசோதித்த பெண், "எங்க கண்ணுக்கே அது தெரியாது சார்," என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவசரத்தில் படித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போல.



மார்ச் 23, ஞாயிறு

ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றுப்பாலம் தாண்டி நிறுத்தினேன்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லப்பா."

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"உங்கம்மா வழி தப்பா சொல்றா. ஆறு மாசமா."

ரோடே இல்லாத இடத்தில் "என் பக்கம்" என்கிறாளாம். மதில் இருக்கும், இவர் திரும்புவாராம். தன் வீட்டு வாசலில் வந்து "என் பக்கம்" என்றாளாம், எதிர்வீட்டுத் தூணில் மோதினாராம்.

"நம்ம வீடு எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதா? ஏன் திரும்புனீங்க?"

"தெரியும்டா. நாப்பத்திரண்டு வருஷமா அவ சொல்லி நான் திரும்பாம இருந்ததில்ல. கை தானா போயிடுது." பிறகு, "தூண்ல இடிச்சதும் என்னைப் பாத்தா. நான் தப்பா சொல்லிட்டேனான்னு ஒரு பார்வை. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியல. கண்ணு மங்குதுன்னு சொல்லிட்டேன்."

வண்டி இல்லாவிட்டால் அவள் வழி சொல்ல வேண்டியதில்லை. தப்பாகவும் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவுதான் அவர் கணக்கு. அதற்குத்தான் எனக்கு வேன்.

மார்ச் 24

சட்டம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் வாசலில் இருந்தே சொல்லிவிடுவேன். அம்மாகிட்ட மாசத்துக்கு ரெண்டு தடவ போறேன், வர்றேன் — என்னத்தப் பாத்தேன்? சாப்பிட்டியான்னு கேட்டா. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் கேட்டா. பாசம்னு நெனச்சுக்கிட்டேன். எனக்குப் பயமா இருக்கு.

ஏப்ரல் 2

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை உடனே எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வண்டிய வாங்குற வரைக்கும் சரி. அப்புறம்? வீட்டுக்குள்ள அவங்க தடுமாறினா வீட்டையும் வாங்குவியா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

சரிதான். ஆனால் நான் வண்டியை வாங்கினால் அப்பாவின் பொய்க்கு நானும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். வாங்காவிட்டால் அவர்கள் இருவரும் அதிலேயே போய்க்கொண்டிருப்பார்கள், அவள் சொல்லச் சொல்ல இவர் திருப்பிக்கொண்டு. அடுத்ததும் தூணாகத்தான் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன்: அம்மாவை டாக்டரிடம் காட்டச் சம்மதித்தால் வேனை எடுத்துக்கொள்கிறேன்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"நீங்கதானப்பா சொன்னீங்க..."

"வண்டிய நான் விக்கல. போ."

ஓட்டிப் பார்க்க என்னிடம் கொடுத்திருந்த சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்தது என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த அன்றுதான்.

ஏப்ரல் 11

அப்பா போனை எடுக்கவில்லை. அம்மா எடுத்து, "அவரு தூங்குறாரு," என்றாள். பின்னால் அப்பாவின் இருமல் கேட்டது.

ஏப்ரல் 19, சனி

காலை பதினோரு மணிக்கு அம்மாவின் போன். "டேய், உங்கப்பா வழி தவறிட்டாரு. கண்ணு தெரியாம எங்கயோ கொண்டுவந்து நிறுத்திட்டாரு. இது எந்த இடம்னே தெரியல."

அம்மாவின் சிநேகிதி வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரமாகிவிட்டது.

"என்னம்மா தெரியுது அங்க? பாத்துச் சொல்லு."

"ஒரு பெரிய கடை. சோபா படம் போட்டிருக்கு. வாசல்ல மூணு படி. பக்கத்துல சிவப்பா கம்பி கேட்டு. இந்தப் பக்கமே நான் வந்ததில்லடா."

அந்த மூன்று படிகளில்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் உட்கார்ந்திருப்பேன், அம்மாவுக்கு வேலை முடியும்வரை. சோபாக் கடையாகி ஏழெட்டு வருடம் இருக்கும். அதற்கு முன்னால் அது தபால் பிரிக்கும் ஆபீஸ். முப்பத்தொரு வருடம் அவள் ஏறி இறங்கிய படி.

கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வேனுக்குள் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா இறங்கி என்னிடம் வந்தார்.

"உங்களுக்குத் தெரியும்ல, இது எந்த இடம்னு?"

"தெரியும். தெரியும்னு அவ முன்னாடி எப்படிடா சொல்லுவேன்?"

அம்மா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். "நான்தான் சொன்னேன்ல, அவருக்குக் கண்ணு சரியில்லன்னு. நீயே சொல்லு."

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஆமாம்மா," என்றேன். "அப்பாவுக்குக் கண்ணு மோசம்."

ஏப்ரல் 20

அப்பா போன் செய்தார். "வண்டிய எழுதிக் கொடுத்துடறேன். டாக்டர்கிட்டயும் போலாம்."

மே 13, செவ்வாய்

அப்பாவின் கண்ணைக் காட்டப் போகிறோம், கூடவே நீயும் ஒரு செக்கப் செய்துகொள் என்று சொல்லித்தான் அம்மாவைக் கூட்டிப் போனோம். ஒரு பொய்யை மேய்க்க எத்தனை பொய் வேண்டியிருக்கிறது. டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். பிறகு என்னிடமும் அப்பாவிடமும் நோயின் பெயரைச் சொன்னார். எழுத மனம் வரவில்லை.

அப்பா மருந்து வாங்கப் போனபோது நானும் அம்மாவும் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு கண்ணு நல்லாத்தான இருக்கு?"

நான் மருந்துக் கவுன்டர் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"பேப்பர்ல பொடி எழுத்தெல்லாம் படிக்கிறாரு. கூடவே இருக்கேன், எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் என்னமோ ஆகுது. அந்தப் படிக்கட்டு கூட வீட்டுக்கு வந்தப்புறம் ஞாபகம் வந்துச்சு."

"அம்மா..."

"அவருகிட்ட சொல்லாதடா. நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்றாரு. அவருக்குப் பொய் வராது."

அப்பா மருந்துப் பையோடு வந்தார். "கண்ணுக்குச் சொட்டு மருந்து குடுத்தாங்களா?" என்று அம்மா அவரைக் கேட்டாள். "குடுத்தாங்க," என்றார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வேன் இந்த வாரம் என் பெயருக்கு மாறியது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா இரண்டு சாவியையும் கொடுத்தார். ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம், கை சும்மா இருக்காது என்றார். ஒரே ஒரு நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு பேரையும் எங்காவது கூட்டிப்போக வேண்டும்.

இன்றே கூட்டிப் போனேன். அம்மா வழக்கம்போல முன்சீட்டில் ஏறினாள். அப்பா பின்னால். அந்த வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தது இதுதான் முதல்முறை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், எடுத்தார், கடைசியில் என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

முதல் முச்சந்தியில் அம்மா, "உன் பக்கம்டா," என்றாள். திரும்பினேன்.

ஜூன் 27

ஆறடி நீளச் சட்டம் இரண்டை நிற்க வைத்தபடியே எடுத்துப் போனேன். ஒரு கீறல் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஜூலை 20, ஞாயிறு

எங்கே போகிறோம் என்று இப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அம்மா சொல்கிற பக்கம் போகிறேன். ரோடு இல்லாவிட்டால் மட்டும், "அங்க வேலை நடக்குதும்மா, அடுத்ததுல திரும்பறேன்," என்கிறேன். ஒப்புக்கொள்கிறாள். இன்று ஒரே ரவுண்டானாவை நான்கு தடவை சுற்றினோம். மகள் கடைசி சீட்டிலிருந்து, "பாட்டி, இன்னொரு ரவுண்டு!" என்று கத்தினாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று மகள் வரவில்லை. நாங்கள் மூன்று பேர்தான். பாதி வழி வரை அம்மா எந்தப் பக்கமும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் இருக்கும் முச்சந்தியில் சிக்னலுக்காக நின்றேன். வீட்டுக்குப் போவதென்றால் அங்கே அவள் பக்கம் திரும்ப வேண்டும்.

அம்மா என் தோளைத் தொட்டாள். நிதானமாக, பழைய தெளிவான குரலில் சொன்னாள்.

"உங்க பக்கம் திரும்புங்க."

அவள் கேலி செய்கிறாளோ என்று ஒரு நொடி முகத்தைப் பார்த்தேன். இல்லை. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். என் சீட்டைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது. அவருக்கும் கேட்டிருந்தது.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"திரும்புப்பா," என்றார் அப்பா, மிக மெதுவாக. "அவ சொல்றால்ல."

இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினேன்.