அண்ணன் கொடுத்த ரத்தம்

ஜூன் 9
செக்கிங் டேபிளில் இன்றும் ஒரு பனியன் ஓட்டையைக் கவனிக்காமல் விட்டேன். "அக்கா, கண் டாக்டரப் பாருங்க" என்றாள் சூப்பர்வைசர் பிரியங்கா. பார்த்தேன். அவர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்.

ஜூன் 14
மூளை உறையில் கட்டி. எலுமிச்சை அளவு. புற்று இல்லையாம். "கட்டியவிட ரத்தம்தாம்மா பயம்" என்றார் கோவை டாக்டர். நூறு வருடம் முன்பு ரத்தம் நிற்காவிட்டால் பாதியிலேயே மூடித் தைத்துவிடுவார்களாம். எலும்பில் கசிந்தால் தேன்மெழுகு வைத்து அடைப்பார்களாம். அப்புறம் ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்க வெள்ளிக் கிளிப் வந்ததாம், அப்புறம் அதைக் கரண்டில் பொசுக்கி அடைப்பது. "நடுவுல கரண்ட் போனா?" என்று கேட்டேன். எங்கள் கம்பெனியில் தினமும் போகிறது. டாக்டர் சிரித்தார். அது பதில் இல்லை.

ஜூன் 19
ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் அந்தோணிராஜின் குரூப் சேரவில்லை. அவருடன் வேலை செய்யும் பீகார் பையன்கள் வருகிறோம் என்றார்கள். அது என் கூடப்பிறந்த பூபாலன் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. சர்ச்சுக்குப் போகிற தூத்துக்குடி வேதக்காரரைக் கட்டினேன் என்று எட்டு வருடமாகப் பேசாதவர், இவருக்கு போன் போட்டார்.
"கண்டவன் ரத்தத்த எந்தங்கச்சிக்கு ஏத்துவீங்களா? நான் வர்றேனுங்க."
கோபத்திலும் 'ங்க' போகவில்லை.

ஜூன் 23
அண்ணன் வந்தார், கொடுத்தார், எழுந்தார், மயங்கி விழுந்தார். தாங்கிப் பிடித்தது என் வீட்டுக்காரர். ஆபரேஷனில் கரண்டை முதன்முதலில் பயன்படுத்திய காலத்திலேயே ரத்தம் கொடுக்க வந்தவர் ஒருவர் மயங்கி விழுந்தாராம். டாக்டர் சொன்னார். அண்ணனுக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை.

ஜூன் 24
நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்குது. நான் இல்லாட்டி எம் பாப்பாவுக்கு யாரு சடை போடுவா?

ஜூலை 3
இருக்கிறேன். மொட்டைத் தலை. எழுத்து கோணல்.
"ரத்தமே ஏத்தலைம்மா. கசியக் கசிய நிறுத்திட்டோம்" என்றார் டாக்டர். அண்ணனுடையது வேறு யாருக்கோ போய்விட்டதாம். யாருக்கு என்று சொல்ல மாட்டார்களாம்.

ஜூலை 20
அண்ணன் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.
"எங்க ரத்தம் ஓடறதுனாலதான் பொழச்சா. ஏனுங்க மாப்ள?"
"ஆமா மச்சான்" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.
ஒரு சொட்டுகூட ஏற்றவில்லை என்று சொன்னால் அண்ணன் எழுந்து போய்விடுவாரோ? சொல்லவில்லை. இலை போட்டேன். சாப்பிட உட்கார்ந்தார். சோறு போடும்போது அழுகை வந்துவிட்டது.
"தையல் வலிக்குதா கண்ணு?"
"ஆமாங்கண்ணா" என்றேன்.