ஞாயிறு மட்டும் குலுக்காத வண்டி

ஜூன் 22, 2025, ஞாயிறு

ஆரணியிலிருந்து போளூர் பக்கத்துத் திருமலைக் குன்றுக்குப் போய் வந்தோம். வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் இல்லை. பேச வாயைத் திறந்தால் நாக்கு மாட்டிக்கொள்ளும் என்ற பயம். வண்டி அப்படிக் குலுக்குகிறது.

விக்னேஷ் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே பெங்களூரிலிருந்து இரண்டாம் கையாக வாங்கிய நீல நிற ஸ்போர்ட்ஸ் கார். தாழ்வாக, அகலமாக, எப்போதும் பாயத் தயாராக இருப்பதுபோல் நிற்கும். ஒரு பட்டனை அழுத்தினால் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் இறுகும், இன்னொரு முறை அழுத்தினால் இளகும். போன மாதம் வரை அப்படித்தான் இருந்தது. இப்போது மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. வண்டி இறுகியது இறுகியபடியே இருக்கிறது.

இந்த வண்டி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? வேகம் எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்த வீட்டில் இரண்டு பேர் தனியாகப் பேச வேறு இடம் இல்லை. பின்கட்டில் தறிகள். முன்னறையில் மாமாவின் வியாபாரம். எங்கள் அறையில் பாதி, சேலை பீரோக்கள். எதையாவது எடுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பீரோவில் கொள்ளாதது காரின் டிக்கியில், மூட்டை மூட்டையாக. யாரும் கெட்டவர்கள் இல்லை. கதவைச் சாத்தினால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். ஞாயிறு மதியம் காரில்தான் விக்னேஷ் வாய்விட்டுப் பேசுகிறார். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அங்கேதான். அங்கேயும் இந்த நோட்டிலும்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் மாமா கேட்டார்: “இது காரா, ரோடு ரோலராடா? ஆவணி பொறக்கறதுக்குள்ள வித்துட்டு ஒரு வேன் எடு. கல்யாண சீசன்ல மூட்டை ஏத்திக்கினு போவவாவது ஆவும்.”

விக்னேஷ் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். நானும்.

ஜூன் 25

மதியம் முழுக்கக் கைபேசியில் படித்தேன். என் அலமாரியில் இதற்கு ஒரு புத்தகமும் இல்லை என்பது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கிறவர் கன்ட்ரோலர். கேட்டு, ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ஓடும் வழியைத் திறக்கவோ ஒடுக்கவோ சொல்வார். சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதற்குள் பல முடிவுகள் எடுத்தாகிவிடும். இங்கே இன்று சாம்பாரா காரக்குழம்பா என்று முடிவாக அரை நாள் ஆகிறது.

மெக்கானிக் குமரேசன் பார்த்ததில், எங்கள் கன்ட்ரோலருக்குள் தண்ணீர் போய்விட்டதாம். பழைய மாடலையே மாற்றலாம். அல்லது புதிதாக ஒன்று வந்திருக்கிறது; முன்னையும் பின்னையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளும்.

ஜூன் 26

புதியதையே போடலாம் என்று விக்னேஷிடம் சொன்னேன். உனக்கென்ன தெரியும் என்று கேட்பார் என நினைத்தேன். “படிச்சிட்டுத்தானே சொல்ற?” என்றார். அதோடு சரி.

ஜூலை 4, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, புதிய கன்ட்ரோலர்.

அத்தை எட்டிப் பார்த்து, “ஸ்வீட்டுன்னு இல்ல நெனச்சேன்” என்றார்.

மாமா கையில் வாங்கி எடை பார்த்தார். “இத்தினூண்டு டப்பா, அவ்ளோ பெரிய வண்டியத் தாங்குமா?”

நல்ல கேள்வி. அது தாங்காது மாமா, எவ்வளவு தாங்கவேண்டும் என்று சொல்லும். மனதுக்குள்தான் பதில் சொன்னேன்.

“பாக்கலாம். ஆவணி ஒண்ணாந்தேதி வரைக்கும்தான்” என்று திருப்பிக் கொடுத்தார்.

ஜூலை 5, சனி

தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். அதைச் சுருட்டும் வரை வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. பிறகு குமரேசனின் ஒர்க் ஷாப். டிரைவர் சீட்டுக்கு அடியில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வெகுநேரம் ஆகவில்லை.

அடுத்த வேலைதான் எனக்குச் சுவாரஸ்யம். புதிய கன்ட்ரோலருக்கு நம் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சும்மா நிற்கும்போது எந்த உயரத்தில் நிற்கும் என்பதை நாம்தான் சொல்லவேண்டும். ஒர்க் ஷாப் தரை சரிவு என்பதால் சேவூரில் ஒரு ரைஸ்மில் களத்துக்குப் போனோம். குமரேசன் கைபேசியைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். டயரில் காற்று சரி. தரை சமம். யாரும் உள்ளே இல்லை.

“டிக்கி காலியா சார்?”

குடை, தண்ணீர் கேன், என் புத்தகப் பை, மூன்றையும் விக்னேஷ் இறக்கி வைத்தார். “காலி.”

கைபேசித் திரையில் வந்த பட்டனை என்னையே அழுத்தச் சொன்னார்கள். அந்த நொடியில் வண்டி நின்ற உயரம்தான் இனி அதற்குப் பூஜ்யம். நமக்கும் யாரோ இப்படி ஒரு நாள் அழுத்தியிருப்பார்களோ?

ஜூலை 6, ஞாயிறு

மெத்தென்று இருந்தது! போளூர் ரோட்டு வேகத்தடைகளை எண்ணி எண்ணிப் பயந்துகொண்டிருந்தவள், இரண்டைக் கவனிக்கவே இல்லை. விக்னேஷ் சின்ன வயதில் டவுன் பஸ் டிரைவர் ஆக ஆசைப்பட்டாராம். ஏன் என்று கேட்டேன். “எல்லாரும் முதுகுக்குப் பின்னாடி இருப்பாங்க. யார் மூஞ்சியும் பாக்க வேணாம்.” பத்து மாதக் குடித்தனத்தில் அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதிலேயே பெரிய விஷயம் இதுதான் என்று தோன்றுகிறது.

ஜூலை 10, வியாழன்

அப்பாவும் மகனும் வேலூர்க் கடைகளுக்குச் சேலை போட்டுவிட்டு வந்தார்கள். வியாழன்தோறும் போவது. மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“போறப்போ நல்லாத்தான் போச்சு. வர்றப்போ பழைய குருடி கதவத் தெறடின்னு ஆய்டுச்சு. இன்னாமா திலகா, உன் டப்பா ஒரு வழிக்குத்தான் வேலை செய்யுமா?”

‘உன் டப்பா’. சரி, என்னுடையதே.

ஜூலை 13, ஞாயிறு

திருமலை. போகவும் வரவும் குலுக்கலே இல்லை. ஞாயிறு மட்டும் வேலை செய்யும் கருவி உண்டா உலகத்தில்?

ஜூலை 17, வியாழன்

மறுபடியும் அதே. போகும்போது சரி, வரும்போது கட்டை வண்டி.

குமரேசனுக்குப் போன் செய்தோம். “வேலூர்லேர்ந்து வர்ற பக்கம் ரோடு மோசம்மா.” இருக்கலாம். ஆனால் அந்த ரோட்டில் பஸ்ஸில் வந்திருக்கிறேனே. இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

விக்னேஷ் பேஜாராகிவிட்டார். சாப்பிடும்போது மாமா யாரோ ஆற்காட்டுக்காரர் வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஏதாவது சொல்லுங்களேன்! வேணாம்னு ஒரு வார்த்தை! நான் மட்டும் என்ன சொல்லிக் கிழித்தேன், ரசம்தான் ஊற்றினேன்.

ஜூலை 19

ஒரு சந்தேகம். அந்தக் களம் உண்மையில் சமமா? மழைத்தண்ணீர் ஓடச் சரிவு வைத்திருப்பார்களே. கொத்தனார் தரை மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். ஒரு முனையை விக்னேஷ் பிடித்தார், ஒரு முனையை நான். வெயில். நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“இன்னாம்மா, வீடு கட்டப் போறீங்களா இங்க?”

விக்னேஷ் சிரித்துவிட்டார், குழாயில் தண்ணீர் ஆடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. வண்டி நின்ற இடம் சமம்தான். என் ஊகம் தப்பு. ஆனாலும் நல்ல நாள்.

ஜூலை 24, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

நானும் வேலூருக்கு வருகிறேன் என்றேன். மாமா ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் மறுக்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். போகும்போது சொகுசு. கடை வாசலில் வண்டியை நிறுத்தி மூட்டைகளை இறக்கினார்கள். நான் இறங்கி நிழலில் நின்று, வேலை ஒன்றும் இல்லாததால், பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூட்டையாக வெளியே வர வர வண்டியின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் அளவே இருந்த இடம், ஐந்து விரலுக்கு மேல் ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது குலுக்கல்.

ஆரணி வந்து, மாமா உள்ளே போன பிறகு கேட்டேன்: “அன்னிக்கு ரைஸ்மில்லுல டிக்கி காலின்னீங்களே?”

“காலிதான்.”

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணும் இல்ல. மூட்டைங்கதான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளியும் சனியும் நெசவாளிகள் கொண்டுவரும் சேலை டிக்கியை நிரப்பிவிடும். வியாழன் காலை வரை அங்கேயே இருக்கும். ஆகவே ஞாயிறு எப்போதும் மூட்டையோடுதான் போகிறோம். அந்தக் கன்ட்ரோலர் மூட்டையோடு நிற்கும் உயரத்தைத்தான் பூஜ்யம் என்று கற்றிருக்கிறது. மூட்டை இறங்கினால் அதற்கு, வண்டி ஏதோ மேட்டில் எகிறி அந்தரத்தில் போவதாகத் தோன்றும். பயந்துபோய் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

ஜூலை 25

விக்னேஷைக் கேலி செய்யலாம் என்று நேற்று நினைத்தேன். இன்று முடியவில்லை. அன்று டிக்கிக்குள் கைவிட்டு என் புத்தகப் பையை வெளியே எடுத்துக் கொடுங்கள் என்று சொன்னவள் நான்தான். பை மூட்டைகளின் மேலேயே இருந்தது. பையைப் பார்த்தேன். மூட்டையைப் பார்க்கவில்லை. அவர் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறார். எனக்குப் பத்து மாதம்தானே? கலசப்பாக்கத்திலிருந்து வந்த புதிதில் அறையில் பீரோக்களைப் பார்த்து மூச்சு முட்டியது நினைவிருக்கிறது. இப்போது முட்டுவதில்லை. அது நல்லதா?

ஜூலை 27, ஞாயிறு

மூட்டைகளை எல்லாம் எங்கள் அறையில் இறக்கினோம். கட்டில் மேலெல்லாம் சேலை. மறுபடி சேவூர், மறுபடி பட்டன். இந்த முறை டிக்கி நிஜமாகவே காலி. திரும்பி வந்து மூட்டைகளை ஏற்றி ஒரு சுற்று, இறக்கி ஒரு சுற்று போய்ப் பார்த்தோம். எப்படிப் போனாலும் ஒரே சொகுசு; பாரத்தில் தாழ்ந்தால் அதற்குப் பயமில்லை, எழும்பினால்தான் பயம்.

மாமாவை உட்கார வைத்து விக்னேஷ் ஓட்டிக் காட்டினார். மாமா கோட்டைப் பக்கம் வரை சீட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தாராம். பிறகு, “அந்த ஆற்காட்டுக்காரன வர வேணாம்னு சொல்லிடு” என்றாராம்.

வண்டி பிழைத்தது!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கிளம்பும்போது அத்தை செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார். “உங்க மாமா அப்படிப் புகழறாரு. நானுந்தான் ஒருவாட்டி பாக்கறேன்.” முன் சீட்டில் அத்தை. பின்னால் நான். “தொட்டில்ல போட்டு ஆட்டறாப்ல இருக்குதுடா!” வழியெல்லாம் அத்தைதான் பேசினார். விக்னேஷ் ‘ம்’ போட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி விரதம். நாள் முழுக்க வேலை. வந்திருந்த எல்லாரிடமும் அத்தை கார் புராணம். “என் மருமவதான் கண்டுபுடிச்சா.” பெருமையாகத்தான் இருந்தது. கூடவே, “இனிமே வாராவாரம் நானும்தான்” என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

கிளம்புமுன் வண்டியில் முதலில் ஏறியது நான். யாரும் பார்க்காதபோது பட்டனை அழுத்தி ஸ்போர்ட்டில் வைத்தேன். இறுக்கம். விக்னேஷ் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அத்தை வந்து உட்கார்ந்தார். முதல் வேகத்தடையில் பேச்சு நின்றது. பிறகு மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார். திருமலை வரை விடவில்லை. வலிக்குதுன்னு சொல்லவும் இல்ல. சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன். சொல்லலையே.

திரும்பும்போது நானே மாற்றிவிட்டேன். இவ்வளவு கற்றது இதற்கா?

ஆகஸ்ட் 16, சனி

அத்தை வண்டியைத் துடைக்கிறேன் என்று வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். “இந்த பட்டன் இன்னாத்துக்கு?”

சொன்னேன். கம்ஃபர்ட், நார்மல், ஸ்போர்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு.

“போன வாரம் எதுல இருந்துச்சு?”

“ஸ்போர்ட்ல அத்தை.”

“கை தெரியாம பட்டுடுச்சா?”

பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை பட்டனை அழுத்தி அழுத்தி விளக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“எங்களுக்குக் கல்யாணமான புதுசுல சினிமா கொட்டாய்லதான் உங்க மாமா பக்கத்துல உக்காருவேன். இன்னா பிரயோஜனம்? இந்தாண்ட மாமியா, அந்தாண்ட நாத்தனா. படம் முடியற வரைக்கும் முறுக்கு தின்னுகினு இருப்போம்.”

சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றார். போளூரில் யாரையோ பார்க்க வேண்டுமாம், கூடவே வருவதாகச் சொன்னார். நான் பின் கதவைத் திறந்தேன்.

அத்தை வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “நீங்க எங்க கிளம்பிட்டீங்க? வண்டி இன்னிக்கு ஸ்போர்ட்ல கீது. இடுப்பு ஒடிஞ்சுடும். நானே போவல.”

“ஏன், மாத்தி வைக்க முடியாதா?” என்று மாமா என்னைப் பார்த்தார்.

“அதெல்லாம் ஞாயித்துக்கிழமைல மாத்தக்கூடாதாம். அவதான் சொன்னா. போளூர்க்காரருக்குப் போன் பண்ணிக்கலாம், உள்ள வாங்க.”

மாமா கொஞ்சம் நின்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் முன்னால் வந்து உட்கார்ந்தேன். கம்ஃபர்ட் விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. விக்னேஷும் அதைப் பார்த்தார்.

ஊர் தாண்டும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. பிறகு ஆரம்பித்தோம். திருமலையில் ஏறாமல் கீழேயே வண்டிக்குள் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை கூடத்தில் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

“ரொம்பக் குலுக்குச்சா?”

“ரொம்ப, அத்தை” என்றேன்.