பதினாலு பேரில் இல்லாத பேர்

வாஷி, மும்பை
12.2.2004

அன்புள்ள ஜானகி,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? காது குத்தும்போது பாப்பா ரொம்ப அழுதாளா?

இன்று காலையில் நான் போனில் உன் தம்பி ராஜராஜனைத் திட்டியது உனக்கும் கேட்டிருக்கும். கடைக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பெரம்பலூர் வெங்காய லோடு எந்தெந்தக் கடைக்கு என்ற பட்டியல் அதற்குள் இருக்கிறது. லாரியோ வெயிலில் நிற்கிறது. ராஜராஜன் தனிக்கடை போடத்தான் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுக் காதுகுத்துச் சாக்கில் ஊருக்குப் போனான் என்று நினைத்தேன்.

"பாஸ்வேர்டு பாப்பா பேருதான் மாமா" என்றான். அடித்தேன், திறக்கவில்லை. பொய் சொல்கிறான் என்றே முடிவுகட்டினேன்.

ரிப்பேருக்கு ஒரு தமிழ் ஆளைப் பிடித்தேன். ஒரு சிடியைப் போட்டுப் பத்தே நிமிடத்தில் பூட்டை எடுத்தார்.

"இவ்வளவு லேசாத் தொறக்கும்னா பூட்டு எதுக்குங்க?" என்று அவரையும் சந்தேகமாகக் கேட்டேன்.

சிரித்தார். "முந்தாநாள் யாரோ பதினாலு தடவை தப்பா அடிச்சிருக்காங்க சார். அதான் தானாப் பூட்டிக்கிச்சு."

அந்த யாரோ நான்தான். அவன் என்ன மறைத்து வைத்திருக்கிறான் என்று பார்க்க, தோன்றிய பேரையெல்லாம் அடித்தேன். இப்போது பாப்பா பேரை அடித்தேன், திறந்துகொண்டது. மாமன் அவள் பேரைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறான். பெற்றவனுக்கு அந்தப் பதினாலில் அது தோன்றவில்லை.

என்மேல் கோபப்படாமல் தம்பியைத் திரும்பி வரச்சொல். கம்மலோடு எடுத்த பாப்பா போட்டோ ஒன்று அவனிடம் கொடுத்தனுப்பு. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

வைரக்கண்ணு