வலக்கண்ணுக்கு மஞ்சள், இடக்கண்ணுக்குச் சிவப்பு

பெப்ரவரி 10, செவ்வாய்

நல்ல வெயில். இடக்கண் கட்டுப் பிரித்தாயிற்று. கண்புரை எடுத்துப் புது லென்ஸ் வில்லை வைத்தாயிற்று. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் போகவே கூடாது. வடைக் கடைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்!

வலக்கண்ணால் பார்த்தால் நான் போட்டிருக்கும் வெள்ளைச் சேட் மஞ்சள். இடக்கண்ணால் பளிச்.

"புஷ்பம், இவ்வளவு நாளும் உம்மட தோய்ப்புத்தான் பிழை எண்டு நினைச்சன்."

"அதைக் கண்டுபிடிக்க ஒப்பரேஷன் தேவைப்பட்டிருக்கு."

மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. சனிக்கிழமை அவளின் ஒப்பரேஷன் முறை. போகமாட்டாளாம், பயம். நேற்று உப்பென்று நினைத்து ரசத்துக்குச் சீனி போட்டாள்.

பெப்ரவரி 11, புதன்

இரவு ஏழு. மொட்டைமாடி, கடல் காற்று. வலக்கண்ணுக்குத் திருவாதிரை நட்சத்திரம் மற்றதுகளைப் போல மஞ்சள். இடக்கண்ணுக்குத் தணல்! பக்கத்தில் ஒன்று ஐஸ் நீலம். நம்ப முடியாமல் ஒரு கண்ணை மூடி, மற்றதைத் திறந்து, திரும்பத் திரும்ப.

எதிர் மாடியில் டீச்சர் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். வாளியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெப்ரவரி 12, வியாழன்

தேத்தண்ணி ஆறிப்போய் வந்தது. மீன்காரனிடம் வைத்தே டீச்சரின் கதை புஷ்பத்தின் காதுக்கு வந்துவிட்டது.

"அம்பத்தஞ்சு வயசில கண்ணடிக்கிறியளோ?"

"நட்சத்திரம் பாத்தனான்."

"ஓம். நைட்டி போட்ட நட்சத்திரம்."

சிரித்துவிட்டேன். அது பெரும் பிழை.

இருட்டினதும் அவளைக் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றினேன். திருவாதிரை அவள் பிறந்த நட்சத்திரம்.

"எல்லாம் ஒரே மாதிரி மங்கலாக் கிடக்கு," என்றாள். பிறகு மெல்ல, "உண்மையாச் சிவப்போ?"



பெப்ரவரி 13, வெள்ளி

டொக்டரிடம் கேட்டேன். வயதாக வயதாகக் கண்ணின் வில்லை மஞ்சளாகுமாம். பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய் என்று விளங்கிக்கொண்டேன். மங்கின நட்சத்திரத்துக்கு நல்ல கண்ணும் நிறம் பிடிக்காதாம், எல்லாம் வெள்ளைதானாம். திருவாதிரை மாதிரிப் பிரகாசமானதுதான் நிறம் காட்டும். புஷ்பத்திடம் அப்படியே சொன்னேன்.

"டொக்டரும் ஆம்பிளைதானே."

பெப்ரவரி 14, சனி

விடியவே சேலை உடுத்து வாசலில் நிற்கிறாள்.

"பாப்பன். சிவப்பில்லாட்டி இருக்கு உங்களுக்கு."

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கேட்டார், எந்தக் கண் முதலில் என்று.

"மாடியில நிண்டா டீச்சர் வீட்டுப் பக்கம் வாற கண்."

உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கழற்றித் தந்த தாலிக்கொடி என் சேட் பையில். பாரம் தூக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார்.