பேடி வேண்டாம்

சனிக்கிழமை இரவு, மட்டாஞ்சேரி.

எங்கள் கிளைடர் கிளப்பில் ஆள் சேர்க்க, தமிழ்க்காரர்கள் இருக்கும் தெருவுக்கு நான்தான் நோட்டீஸ் எழுதினேன். பள்ளியில் நான் படித்தது மலையாளம். "என்ஜின் இல்லாத விமானம். காற்றே தூக்கிக்கொண்டு போகும். பேடி வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன். பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

இன்று சாயாக் கடை வாசலில் செல்வி அக்கா பிடித்துக்கொண்டார். ஆட்டோ ஓட்டுகிறவர்; தென்காசியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

"கோழைங்க வரவேண்டாம்னா எழுதி வச்சிருக்கே? எங்க ஊர்ல பேடின்னா அதான் அர்த்தம். வைட்டிலா ஜங்ஷன் நெரிசல்ல தினமும் ஆட்டோ ஓட்டுறவ நான். என் பேரை எழுது."

மலையாளத்தில் பேடி என்றால் பயம் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா காதில் வாங்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத கிளப்புக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறது. நோட்டீஸைத் திருத்த மனம் வரவில்லை.

ஆட்டோவை எடுத்தவர், கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு வந்துர்றேன். ஆனா கொஞ்சம் பேடி உண்டு, கேட்டியா. யாருகிட்டயும் சொல்லிராதே."