வெறும் தொட்டிலை ஆட்டாதவள்

தலைக்கு இரண்டு தடவை ஷாம்பு போட்டுக் குளித்தும் புகை வாசனை போகமாட்டேன் என்கிறது. இன்று பண்ணைக்குப் போய்விட்டு வந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு இதுதான் முதல் முறை. முன்பெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது இதே விறகுப் புகை உன் கார் முழுக்க வீசும். "எங்க வீட்டுக்காரர் என்னை உள்ளயே விடமாட்டார்டி, கராஜ்லயே குளின்னுவார்" என்று சிரிப்பாய். இன்று தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஃப்ரீவேயில் கடைசி வரை லேனே மாறவில்லை.

நம் பைத்தியக்காரத்தனம் எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பார்க்கிறேன். என் பையன் கல்லூரிக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சோடிக் கிடந்தது. உனக்குப் பிள்ளைகள் இல்லை. நம் சுகர் லேண்ட் ஊரில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்து எத்தனைக்குத்தான் போவது என்று சலித்துக்கொண்டு நீதான் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை. குதிரை வண்டிக் காலத்தில் வந்து குடியேறியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று, அந்தக் காலத்து உடுப்பில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். சம்பளம் கிடையாது. கணுக்கால் வரை பாவாடையும் தலையில் குல்லாயும் மாட்டிக்கொண்டு முதல் நாள் நாம் கண்ணாடி முன் நின்றோமே, திருச்சிக்காரி ஒருத்தியும் மதுரைக்காரி ஒருத்தியும் டெக்ஸாஸைக் காடு வெட்டித் திருத்த வந்தவர்கள் மாதிரி! எனக்கு முற்றத்தில் வெண்ணெய் கடையும் வேலை. உனக்குப் படுக்கையறையும் அதில் இருந்த மரத்தொட்டிலும்.

அந்த அறையில் வீட்டுக்காரியின் கதையைச் சொல்ல வேண்டும். கணவன் பருத்தி விற்கப் போயிருந்த சமயத்தில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாருமில்லை. கடைசியில் அவளே மரத்தடியில் குழி தோண்டினாள். பிறகு அவளுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்து நன்றாக வாழ்ந்தார்கள் என்று கதை முடியும். இதையெல்லாம் சொல்லும்போது துணி தைத்துக்கொண்டே காலால் தொட்டிலை ஆட்ட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பயிற்சி நாளில் நான் விளையாட்டாகத் தொட்டிலில் கால் வைத்தேன். "வெறும் தொட்டில ஆட்டாதடி!" என்று நீ போட்ட சத்தத்தில் பண்ணையை நடத்தும் அமெரிக்க அம்மாள் ஓடிவந்துவிட்டாள். ஆகாது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் உன் முகம் வெளிறிப் போயிருந்தது. அன்றிலிருந்து ஒரு சின்ன மூட்டைச் சோளத்தைத் தொட்டிலில் படுக்க வைத்த பிறகுதான் நீ ஆட்டுவாய். அந்த நான்கு பிள்ளைகளைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. குழி தோண்டினாள் என்பதோடு நிறுத்திவிடுவாய்.

காரணத்தை அன்று வீடு திரும்பும் வழியில் சொன்னாய். கல்யாணமான புதிதில் நீங்கள் மேற்கு டெக்ஸாஸில் இருந்தீர்கள். கண்ணுக்கெட்டிய வரை பொட்டல். உன் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணா என்று கூப்பிடுகிறவருக்கு, எண்ணெய்க் கிணற்றில் வேலை, போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார். உனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மாதம் நிறைவதற்கு முன்பே வலி எடுத்துவிட்டது.

"பக்கத்துப் பண்ணைக்காரிதான் டிரக்ல ஏத்திட்டுப் போனா. ஒரே ஒரு நாள் இருந்துச்சுடி. அவர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. யமுனான்னு பேர் வெச்சிருந்தோம்." அப்புறம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். "அவர் முன்னாடி மட்டும் இந்தப் பேச்ச எடுத்துடாத. தாங்க மாட்டார். இத்தன வருஷத்துல நாங்க ஒரு தடவகூட இதப் பத்திப் பேசினதில்ல."

போன வாரம் பண்ணையை நடத்தும் அந்த அமெரிக்க அம்மாள் போன் செய்து, உன் அறையை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். அது போதாதென்று அண்ணாவும் கூப்பிட்டார். "நானும் வரேம்மா. அவ அங்க என்னதான் பண்ணிட்டிருந்தான்னு ஒரு தடவ பாக்கணும். பின்னாடி ஓரமா நின்னுக்கறேன்." நீ அவரை ஒருநாள்கூட அங்கே வரவிட்டதில்லை. வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது? அவர் காதில் விழுவதற்குள் குழியை வேகமாகக் கடந்துவிட வேண்டும், நான்கு பிள்ளைகளையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இன்று பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணா கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பருத்தி, காய்ச்சல், மரத்தடி என்று ஒரே மூச்சில் ஒப்பித்துக்கொண்டே தொட்டிலில் கால் வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. பதற்றத்தில் சோள மூட்டையை மறந்திருந்தேன். கால் அப்படியே நின்றுவிட்டது.

ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "வாட் வாஸ் த பேபி'ஸ் நேம்?"

தெரியாது என்பதுதான் பதில். பண்ணைக் குறிப்புகளில் எங்கேயும் அந்தப் பெயர் இல்லை. ஆனால் என் வாயில் இருந்தது ஒரே ஒரு பெயர். திறந்தால் அதுதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"யமுனா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பாதிக்குப் பாதி நம் ஊர்ப் பிள்ளைகள், அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமி திரும்பி, "யமுனா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். "யெஸ். யமுனா" என்றார் அண்ணா. பண்ணை அம்மாள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தையலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

கார் நிறுத்துமிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "அவ உங்ககிட்ட சொல்லியிருந்தாளாம்மா?"

"சொன்னா அண்ணா. உங்க முன்னாடி எடுக்கக் கூடாதுன்னா. நீங்க தாங்க மாட்டீங்களாம்."

தன் கார்க் கதவைத் திறந்தார். "அவ தாங்க மாட்டான்னுதான் நானும் வாயே தெறக்கல" என்றார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி, "இந்த மார்ச் வந்தா யமுனாவுக்கு முப்பத்தொண்ணு" என்றார்.

உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அவர் மேலும்தான். அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்று என்ன ஆகுமோ. உன்னிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: அவரும் வருஷா வருஷம் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதைக் கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான், கேட்டவள் நான்.