உதடு தெரியும் தூரம்

கார்த்திகை 24, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கோலாரிலிருந்து வந்து இறங்கினேன். சுரங்கத்தில் வேலை கிடைக்கவில்லை. "பாறை முறியற சத்தம் கேக்காதவன கீழ எறக்கி நான் ஜெயிலுக்குப் போவணுமா?" என்றான் அங்கிருந்த மேஸ்திரி. என்னிடம் அல்ல, பக்கத்து ஆளிடம். நான் உதட்டைப் படித்துவிட்டேன். தறிக்கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றால் காது போகும், கண் கூர்மையாகும். அந்தக் கண்ணை வைத்துத்தான் பிழைப்பு.

மில் ஆட்கள் குடியிருக்கும் லைனுக்கு வந்தால் ஒரு ஈ காக்கை இல்லை. வரிசை முழுக்கக் கூரை ஓடுகளை இறக்கி அடுக்கியிருக்கிறார்கள். வெயில் உள்ளே விழுந்தால் பிளேக் செத்துப்போகுமாம். வெயில் எங்கே, மழைதான் விழுகிறது. கதவுகளில் சுண்ணாம்பு வட்டம், ஒரு சாவுக்கு ஒரு வட்டம். எங்கள் கதவில் வட்டம் இல்லை. கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன். என் பெண்டாட்டி தனம் இல்லை. பாய் இல்லை. தண்ணீர்க் குடமும் இல்லை.

லைன் ஜனம் எல்லாம் தொம்மலூர்ப் பக்கம் வயலில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கிடக்கிறார்கள் என்று ரோட்டில் போனவன் கையைக் காட்டினான். ஓடினேன். எதிர்வீட்டுச் சவரியம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாயைப் பொத்தினால் எனக்கு என்ன தெரியும்? கையைப் பிடித்து இழுத்தேன்.

"தனத்துக்குக் காச்சலுப்பா. அக்குள்ல கட்டி. பிளேக் கேம்பு வண்டி வர்றதுக்குள்ள உன் மச்சான் ஏழுமலை அவள மில்லுக்குள்ள தூக்கிட்டுப் போயி எங்கியோ ஒளிச்சு வச்சிட்டான். எங்கன்னு யாருக்கும் சொல்லல. அப்பறம் அவனுக்கே காச்சல். அவனக் கேம்புக்கு இட்டுனு பூட்டாங்க."

எப்போது என்றேன். முந்தாநாள் என்றாள். யாரும் தேடவில்லையா என்றேன். அதற்கு மட்டும் முந்தானை திரும்ப வாய்க்குப் போய்விட்டது.

ஏழுமலை மேல் கோபம் வரவில்லை. கேம்புக்குப் போனவர்கள் திரும்பி நடந்து வந்ததை நானும் பார்த்ததில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் எங்கே என்று ஒருத்தரிடமாவது சொல்லியிருப்பேன்.


கார்த்திகை 25, புதன்

பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான், சுகாதாரத்து ஆட்கள் கண்ணில் படாமல் சாயக் கால்வாய் வழியாக மில்லுக்குள் புகுந்தேன்.

மூடிக் கிடக்கிற மில். முதலாளி பெல்ட்டுகளைக்கூட உருவி விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

பார்த்த இடங்கள்: சாயப்பட்டறை (தொட்டியில் மழைத்தண்ணீர், செத்த நாய்). பாய்லர் வீடு. மேனேஜர் பங்களா, கண்ணாடி எல்லாம் யாரோ பெயர்த்துக்கொண்டு போயாகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம், கரும்பலகையில் பாதி அழிந்த வாய்ப்பாடு. கள்ளுக்கடை. எலி எங்கு பார்த்தாலும், செத்து, உப்பி.

தறிக்கொட்டகை. என் தறி இருந்த இடத்தில் தரையில் நான்கு போல்ட்டு ஓட்டை. அங்கே நின்றேன். இந்தக் கொட்டகையில் மற்றவர்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி நிசப்தம் இன்றைக்குத்தான்.

ஒவ்வொரு அறையிலும் தரையை ஓங்கி மிதித்தேன். மில்லில் யாரும் யாரையும் வாயால் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? குதிகாலால் மூன்று மிதி. எதிராளி உள்ளங்காலில் வாங்கிக்கொண்டு திரும்பி மிதிப்பான். மிதித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு நின்றேன். பதில் வரும் என்று. பங்களாவில் மிதித்தேன், நூல் அறையில், புளோ ரூமில், எல்லா இடத்திலும். வெறும் குளிர்தான் காலில் ஏறியது.

மத்தியானம் சுகாதாரத்து ஓவர்சியர் வாசல் பக்கம் நின்று ஓடு இறக்குகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பங்களா ஜன்னலில். நல்ல தூரம். கன்னடம் என்றால் எனக்குப் பாதிதான் பிடிபடும், நல்லவேளை தமிழ். "சனிக்கெழம உள்ள கீற பஞ்சு, கழிவு எல்லாத்தையும் கொளுத்திடணும். சந்து பொந்து விடாத. சீமெண்ணெ வந்துடும்."

தனத்தைப் பஞ்சுக்குள்தான் வைத்திருப்பான். வேறெங்கே வைப்பான்? குளிருக்கு அதைவிட்டால் என்ன இருக்கிறது?


வியாழன்

பஞ்சு குடோன் இரண்டும் பார்த்தாயிற்று. கையால் வாரி வாரிப் பார்த்தேன். மூக்கெல்லாம் பஞ்சு. இல்லை. இல்லை. இல்லை.

சாப்பிடவில்லை. சவரியம்மா களி கொடுத்தாள், தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். நாய்க்கு வைக்கிற மாதிரி. தின்றேன். கோபம் வயிற்றை நிரப்புமா?

"கூட ஒரு ஆள அனுப்பு. காது கேக்கற ஆளு. அவ முனகினாக்கூட எனக்குத் தெரியாது" என்று கொட்டகை கொட்டகையாகக் கேட்டேன். இந்த ஜனங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் தனம் மாவாட்டியிருக்கிறாள். ஒருத்தன் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒருத்தி குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டாள். குற்றம் சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நாசமாய்ப் போங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சாயங்காலம் கேம்பு. கம்பி வேலிக்கு வெளியேதான் நிற்க விட்டார்கள். ஏழுமலை கட்டில் கொட்டகை ஓரத்தில். என்னைப் பார்த்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் ஏதேதோ உளறுகிறது, ஒன்றும் சேரவில்லை. காவல்காரன் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் காட்டினான், பித்து என்று.

பித்துதான். ஆனால் கை வேறு பேசுகிறது. காய்ச்சலில் அவன் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டான். நூல் அறுந்தது என்கிறான். தறிக்கு நாடா கொண்டு வா என்கிறான். எங்கள் மில் கைப்பேச்சு, எனக்கு அது தாய்ப்பால் மாதிரி. வேலியைப் பிடித்துக்கொண்டு நானும் கையால் கேட்டேன்: "அக்கா எங்கே?" அக்காவுக்கு அங்கே சைகை கிடையாது. மூக்குத்தி இடத்தைத் தொட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு முஷ்டியை மடக்கி வாயில் வைத்து ஊதினான். அப்படியே உள்ளங்கையைக் கீழே அமுக்கினான். திரும்பவும் ஊதினான், அமுக்கினான்.

ஊதினால் புளோ ரூம், பஞ்சை உதறுகிற அறை. அமுக்கினால் கீழே. அறைக்கு அடியில் தூசி விழுகிற நிலவறை இருக்கிறது. தூசி வாருகிறவர்களைத் தவிர யாரும் இறங்க மாட்டார்கள், எனக்கு நினைப்பே வரவில்லை.

நேற்று அதன் தலைக்கு மேல்தான் மிதித்துக்கொண்டு நின்றேன்.


வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள்.

முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

கேம்பிலிருந்து நடந்து திரும்பவே நடு ராத்திரி ஆகிவிட்டது; விடியும்போதே போய்விட்டேன். நிலவறைக் கதவுக்கு முன்னால் பஞ்சு மூட்டை போட்டு மறைத்திருக்கிறான் ஏழுமலை. நகர்த்திவிட்டு இறங்கினேன். மை இருட்டு. தடவிக்கொண்டே போனேன். குடம் காலில் இடறியது, காலி. அப்புறம் பாய். அப்புறம் அவள் கால். சூடாக இருந்தது.

பேசுகிறாள். என் கையில் மூச்சு படுகிறது, உதடு அசைவது விரலில் தெரிகிறது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. வத்திப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. ஒன்று பற்றி உடனே அணைந்தது, அவள் பல் மட்டும் தெரிந்தது. "தனம், எனக்கு ஒண்ணும் தெரியல, இருட்டு" என்றேன். திரும்பத் திரும்ப எதையோ சொல்கிறாள். என் பெண்டாட்டி என் காதோரம் பேசுகிறாள், எனக்கு அது வெறும் காற்று. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இருட்டு வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவதுதான் புத்தி. ஜோகுபாளையத்தில் ஒரு சித்தப்பா உண்டு, கதவைத் திறப்பாரோ என்னவோ. புத்தி தெரிந்தது. பொறுக்க முடியவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்க அந்த இருட்டில் உட்கார என்னால் முடியவில்லை. தூக்கிக்கொண்டு மேலே வெளிச்சத்துக்கு வந்தேன். பஞ்சுப் பொதியைவிட லேசாக இருந்தாள்.

படியில் உட்காரவைத்தேன். முகம் கரி மாதிரி. கட்டி உடைந்து வடிந்திருக்கிறது. உடைந்தால் பிழைப்பார்கள் என்பார்கள். சால்வையைச் சுற்றினேன். கண் கூசக் கூசச் சொன்னாள்:

"தண்ணி."

இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஓடிப்போய் மழைத்தண்ணீர் மொண்டு வந்தேன். குடித்தாள். அப்புறம் சொன்னாள்:

"அன்னிக்கு மேல வந்து தொப்பு தொப்புன்னு மிதிச்சது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"சுகாதாரத்து ஆளுங்க பூட்ஸுன்னு நெனச்சேன். வாயில துணிய அடச்சுக்கினு கெடந்தேன். இன்னாங்க நீங்க, தனம்னு ஒரு வார்த்த கூப்புட்டிருக்கக் கூடாதா?"

தனம் மில்லில் வேலை செய்தவள் இல்லை. மிதி அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு வாய் இருக்கிறது. பேசக்கூட வரும். அவள் பெயரைச் சொல்லி ஒரு தடவை கத்தியிருந்தால் அவள் கதவைத் தட்டியிருப்பாள், மூட்டை ஆடியிருக்கும், கண்ணால் பார்த்திருப்பேன். எனக்குக் கேட்காது என்பதால் யாருக்குமே கேட்காது என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

அழுதேன். அவள் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தாள். முகம் மாறியது. "கத்துறாங்க" என்றாள். திரும்பினால் எதிர்க்கூரை மேல் ஓடு இறக்குகிற ஆள் நின்றுகொண்டு எங்களைக் காட்டிக் கையை ஆட்டுகிறான். கீழே ஓவர்சியர் ஓடி வருகிறார்.

வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டேன்.


சனி

வெயில்.

என்னையும் பிடித்துக்கொண்டார்கள். நோயாளியைத் தொட்டவனாம். தொட்டவர்களுக்கு ஒரு கொட்டகை, நோயாளிகளுக்கு ஒரு கொட்டகை, நடுவில் இரட்டைக் கம்பி வேலி. அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் மூன்றாவது கட்டில் தனம். என்னைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள்.

மில் பக்கம் கரும்புகை. பஞ்சு எரிகிறது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவில்லை.

கஞ்சி இரண்டு வேளை. உப்பு இல்லை. என் பக்கத்தில் ஒரு தையற்காரர், நாள் முழுக்க அல்லாவைக் கூப்பிடுகிறார். எங்கள் கொட்டகையில் மற்ற ஆட்கள் வேலியில் தொங்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், காது மடலைக் குவித்துக்கொள்கிறார்கள், ஒன்றும் பிடிபடாமல் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவள் முணுமுணுத்தால் போதும். இந்தக் கேம்பிலேயே பெண்டாட்டியோடு நிம்மதியாகப் பேசுகிறவன் செவிடன் நான் ஒருத்தன்தான்.

சாயங்காலம் வரை பேசினாள். கஞ்சி பிடிக்கவில்லையாம். பக்கத்துக் கட்டில்காரி தெலுங்காம். நான் தாடி எடுக்க வேண்டுமாம். "பாக்க சகிக்கல" என்றாள்.


ஞாயிறு

காலையில் ஏழுமலை கட்டிலில் வேறு ஒரு ஆள். காவல்காரனிடம் கேட்டேன். வானத்தைக் காட்டினான்.

இருபது வயசுகூட ஆகவில்லை. தறியில் அவனை நிறுத்தியதே நான்தான்.

தனம் கேட்டாள்: "தம்பி எங்க? காலைலேந்து தேடறேன், காணம்."

வேலியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து, அவளுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்: "நல்லா கீறான்! கட்டி ஒடஞ்சிடுச்சு, வேற கொட்டகைக்கு மாத்திட்டாங்க!"

என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. கொட்டகையே திரும்பிப் பார்த்தது. தையற்காரர் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார். தனம் சிரித்தாள். "அவன்தான் என்னத் தூக்கினு போனான். வழியெல்லாம் அழுதுக்கினே போனான்" என்றாள்.

கூப்பிட வேண்டிய அன்றைக்கு வராத குரல் இன்றைக்குப் பொய் சொல்ல வந்தது.

மத்தியானம் அவள் உதடு மெதுவாகிவிட்டது. திரும்பவும் காய்ச்சல் என்று நர்ஸ் சொன்னதைப் பார்த்தேன். வார்த்தைகள் பாதி பாதியாக வருகின்றன. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தூங்கப் போவதில்லை.


திங்கள்

தூங்கிவிட்டேன். பாவி, விடியற்காலை கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால் அவள் கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இளவெயில் முகத்தில் அடிக்கிறது என்று அந்த நர்ஸ் அம்மாள்தான் தலைமாட்டை மாற்றினாளாம். நல்ல மனசு. யாரையும் குறை சொல்ல வழி இல்லை.

காவல்காரனிடம் போனேன். கட்டிலைத் திருப்பச் சொல்லு என்றேன். என்னத்துக்கு என்றான். என் பெண்டாட்டி பேசுவது தெரியவில்லை என்றேன்.

"இங்கேர்ந்து யாருக்கய்யா கேக்குது? நீ இங்கேர்ந்து சத்தமா பேசு, அவ கேட்டுக்குவா."

காலில் விழுந்தேன். நர்ஸ் வரட்டும், மத்தியானம் சொல்கிறேன் என்றான்.

"தனம்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பக்கம் திரும்பு என்கிறேன். திரும்பத் தெம்பு இல்லை போல. போர்வைக்கு மேலே கையை மட்டும் கொஞ்சம் தூக்கினாள்.

முதுகுதான் தெரிகிறது. தோள் அசைகிறது. பேசிக்கொண்டிருக்கிறாள்.